எல்லாம் இடது

"வலது கையைக் காணோம்" என்றாள் ரேடியோ.

தையல் பட்டறையில் இது ஒரு செய்தியே இல்லை. கட்டு மாறியிருக்கும். மேஜைக்கு அடியில் விழுந்திருக்கும். யாராவது அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஓவர்லாக் மெஷினில் இருந்த அந்தப் பெண்ணுக்கு ரேடியோ என்று பேர் வந்ததே, காலையிலிருந்து எதையாவது அறிவித்துக்கொண்டே இருப்பதால்தான். யாரும் தலை நிமிரவில்லை.

"வலது முன்பக்கமும் காணோம்."

பெரியவளின் மெஷின் நின்றது.

பட்டறை பெரியவளுடையது. சைக்கிள் கடைக்கு மேல் ஒரு நீள அறை. ஜன்னலோரம் இஸ்திரி மேஜை, சுவரோரம் தையல் மெஷின்கள், நடுவில் கட்டிங் மேஜை. அந்த மேஜைக்குப் பின்னால் சின்னவள் நின்றாள். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். வீட்டில் ஓரகத்திகள். பட்டறையில் ஒருத்தி முதலாளி, ஒருத்தி கூலிக்காரி. வீட்டுச் சண்டை பட்டறைக்கு வராது, பட்டறைச் சண்டை வீட்டுக்குப் போகாது என்று பெரியவள் விதி வைத்திருந்தாள். அதை மீறுகிறவளும் அவள்தான்.

பெரியவள் எழுந்து வந்தாள். கட்டுகளை அவிழ்த்தாள். ஒரு முன்பக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இன்னொன்றை எடுத்து அதன்மேல் வைத்தாள். இரண்டும் அச்சாகப் பொருந்தின. பொருந்தியிருக்கக் கூடாது. மூன்றாவதும் பொருந்தியது. கைகளும் அப்படியே. முதுகின் பாதிகளும் அப்படியே.

"எல்லாம் இடது" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்குக் காரணம் அந்தக் கணமே புரிந்துவிட்டது. வெட்டுகிறவளுக்கு அது ஒரு சாபம். தப்பு எங்கே என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே அது அவள் முன்னால் வந்து நின்றுவிடும்.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே கட்டிங் பகுதியைக் கடக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள், துணிமேல் விரிக்கும் தாளில் உடம்பு முழுதாக வரைந்திருக்கும்: வலது கை, இடது கை, வலது முன், இடது முன். துணியை எல்லா அடுக்கும் முகம், அதாவது நல்ல பக்கம், மேலே பார்க்கும்படி விரித்தால் போதும். இந்தப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர் அட்டையில் பாதி உடம்பைத்தான் வெட்டி வைத்திருந்தார். அவர் துணியை ஓர் அடுக்கு மல்லாந்தும் அடுத்த அடுக்கு கவிழ்ந்தும், முகத்துக்கு முகமாக விரிப்பார். ஒரே வெட்டில் மல்லாந்தது இடதாகும், கவிழ்ந்தது வலதாகும். மாஸ்டர் கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் இல்லாமல் முதன்முறையாக வெட்டிய சின்னவள் தொழிற்சாலையின் விரிப்பையும் மாஸ்டரின் அட்டையையும் சேர்த்துவிட்டாள். தனித்தனியாக இரண்டும் சரி.

அதிலும் அவள் அசட்டையாக இருந்து செய்யவில்லை. துணி சாட்டின். கருநீலம். முகம் பளபளக்கும், முதுகு மங்கல். தலைப்பக்கமிருந்து பார்த்தால் ஒரு நீலம், கால்பக்கமிருந்து பார்த்தால் ஒரு நீலம். எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்று ஒவ்வோர் அடுக்கையும் தடவிப் பார்த்து, கண்ணும் கருத்துமாக விரித்திருந்தாள். திசை தப்பவில்லை. பக்கம் தப்பிவிட்டது.

"எல்லாத்தையும் உள்வெளியா திருப்பிட்டா?" என்றாள் ரேடியோ.

"எல்லாம் வலது ஆகும்" என்றாள் பெரியவள்.

ரேடியோ சற்று நேரம் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டாள்.

பெரியவள் துணிக் கடைக்குப் போன் போட்டாள். அந்தச் சாயத்தில் வந்தது அவ்வளவுதான், அடுத்து வருவது வேறு நீலமாக இருக்கும், அதுவும் மாதக் கடைசியில் என்றார்கள். அங்கிகள் அடுத்த வாரம் வேண்டும். குடிநீர் வாரிய ஊழியர்களின் பாட்டுக் குழுவுக்கு. புதிய அரங்கத்தின் திறப்பு விழாவில் அவர்கள் பாடுகிறார்கள். பிறகு மாஸ்டருக்குப் போன் போட்டாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"வெட்டின துணி திரும்ப வளராதும்மா" என்றார். போனை வைத்துவிட்டார்.

அடுக்கடுக்கான துணியை வெட்ட மெஷின் இருந்தது. என்றாலும் கட்டிங் மேஜை யாருடையது என்பதைச் சொல்வது, அதன் மூலையில் ஆணியில் தொங்கும் பெரிய கத்தரிதான். வந்து இரண்டு வருடம் பட்டன் தைத்த பிறகு அது சின்னவள் கைக்கு வந்திருந்தது. தொழிற்சாலையில் அவள் காலர் முனை மட்டும் திருப்பியவள். எத்தனை ஆயிரம் முனைகள் என்று தெரியாது. ஒரு சட்டையை முழுதாகப் பார்த்ததில்லை. மேஜைக்குப் பின்னால் நின்ற முதல் நாள், வெறும் துணிக்குள் ஓர் ஆளே படுத்திருப்பதுபோல் அவளுக்குத் தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூட மறந்தாள்.

பெரியவள் ஆணியிலிருந்து கத்தரியை எடுத்தாள். தன் மெஷினின் இழுப்பறையில் வைத்தாள்.

"பட்டன் பக்கம் போம்மா" என்றாள்.

பெரியவள் கோபத்தில் கத்துகிறவள் இல்லை. அவள் 'டி' போட்டால் பிரியம், 'ம்மா' போட்டால் விலகிக்கொள்ள வேண்டும். பட்டறைக்கே அது தெரியும். சின்னவள் விலகிக்கொண்டாள்.

*

மறுநாள் பட்டறையே வைத்தியரானது. ஆளுக்கு ஒரு மருந்து.

இஸ்திரி போடுகிறவர் ஈரத்துணி வைத்து அழுத்தினால் பளபளப்பு செத்துப்போகும் என்றார். அப்படியானால் எல்லாப் பக்கத்தையும் மங்கலாக்கிவிடலாம். ஒரு கையில் செய்து பார்த்தார்கள். பளபளப்பு செத்தது. ஆனால் எல்லா இடத்திலும் சாகவில்லை.

"வழுக்கைத் தலையில எண்ணெய் தேய்ச்ச மாதிரி இருக்கு" என்றாள் ரேடியோ. இஸ்திரிக்காரருக்கு வழுக்கை. அவர் அதற்கப்புறம் அவளோடு அன்று பேசவில்லை.

பெரியவளின் கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. மாடிப்படியில் நின்றபடியே விஷயத்தைக் கேட்டார். "பேசாம வாரியத்துல சொல்லி, வலது கையே இல்லாத ஆளுங்களாப் பார்த்துப் பாட வைக்கச் சொல்லு" என்றார். பெரியவள் பார்த்த பார்வையில் படியிறங்கிப் போய்விட்டார்.

மத்தியானம் சின்னவள் பட்டன் டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு தைச்சுப் பார்க்கட்டுமா?"

"எதை?"

"பாதியைத் திருப்பிப் போட்டு. இடது பக்கம் அப்படியே. வலதுக்கு இடதையே கவிழ்த்து."

"வலது பூரா மங்கலா வரும்."

"வரும்."

"அப்புறம் எதுக்கு?"

"தெரியலக்கா. தப்பைத் துண்டு துண்டாவே பார்த்துட்டிருக்கோம். முழுசா ஒருதடவை பார்க்கணும்னு தோணுது."

பெரியவள் தன் மெஷினுக்குத் திரும்பினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, அது போதும்.

தையல் லேசாகவே போனது. துண்டுகள் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முதுகின் நடுத்தையலில் பளபளப்பு முடிந்து மங்கல் தொடங்கியது, வாய்க்கால் வரப்பு போல நேராக. சின்னவள் அதை மாட்டிக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன்னால் நின்றாள். கணுக்கால்வரை வந்தது.

"பாதி குளிச்சவ மாதிரி இருக்கே" என்றாள் பெரியவள்.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் அழுகை வரும்.

அப்போது ரேடியோ கீழே இருந்து டீ வாங்கிக்கொண்டு வந்தாள். படியருகே நின்று, "ஐய, அது என்ன நல்லா மின்னுது" என்றாள். டீயை ஒவ்வொரு மேஜையாக வைத்துக்கொண்டே அறையைச் சுற்றி ஜன்னல் பக்கம் போனாள். திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்குள்ள வேற மாத்திட்டியா?"

சின்னவள் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. மறுபடி சிரிப்பு. டீ ஆறுவதற்குள் எல்லோரும் அதை மறந்தார்கள். சின்னவள் மட்டும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரேடியோ நடந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் பெரியவள் ஒரு முடிவுக்கு வந்தாள். "புது மோஸ்தர்னு சொல்லிடலாம். நாங்களா யோசிச்சுச் செஞ்சோம்னு."

"பாட்டு வாத்தியார் நம்புவாராக்கா?"

"நம்ப வைக்கணும்."

"தாளத்துல நூலளவு பிசகினாக்கூட அந்தாளுக்குத் தெரியும்" என்றார் அவள் கணவர். இந்த முறை அவர் கேலி செய்யவில்லை. "இது தெரியாதா?"

பெரியவள் மெஷினுக்கு உறை போட்டாள். அதன் நாடாவைக் கட்ட அவளுக்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.

"வெட்டினவ நீ. காலையில நீயே போய்ச் சொல்லு. ஆர்டர் வேண்டாம்னாருன்னா அதையும் நீயே கேட்டுட்டு வா. இந்தப் பட்டறைமேல இதுவரைக்கும் யாரும் ஒரு சொல் சொன்னதில்ல."

"அப்புறம்?"

"அப்புறம் கட்டிங்குக்கு நான் வேற ஆள் பார்க்கணும்மா."

*

பாட்டுக் குழு வாரியத்தின் பழைய கூட்ட அறையில் பயிற்சி செய்தது. நாற்காலிகளைச் சுவரோடு அடுக்கி நடுவில் இடம் செய்திருந்தார்கள். குழாய் பதிக்கிறவர்கள், மீட்டர் பார்க்கிறவர்கள், எழுத்தர்கள், அவர்கள் வீட்டார் என்று கலந்து நின்றார்கள். பாட்டு வாத்தியார் என்று எல்லோரும் கூப்பிட்டவர் பம்ப் நிலையத்தின் மேற்பார்வையாளர். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தாமலே ஆட்களை நடுங்க வைக்கத் தெரிந்தவர். சின்னவள் வாசலில் நின்றதைப் பார்த்தார். உட்காருங்கள் என்று கையால் காட்டினார். பாட்டை நிறுத்தவில்லை.

அவள் அந்த அங்கி இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அது ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்தது. அதனால் பாட்டைக் கேட்டாள்.

ஓர் ஆற்றின் இரண்டு கரைகள் பேசிக்கொள்ளும் பாட்டு. இந்தக் கரை கேட்கும், அந்தக் கரை சொல்லும். பாட்டின் நடுவில் கேட்ட கரை பதில் சொல்லத் தொடங்கும், சொன்ன கரை கேட்கும். கடைசியில் வெள்ளம் வந்து இரண்டும் ஒன்றாகிவிடும். பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். ஆனால் எது எந்தக் கரை என்று சின்னவளுக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் கலந்து கிடந்தார்கள்.

வாத்தியார் நிறுத்தினார். "கைக்குட்டை."

ஒரு பாதி சிவப்புக் கைக்குட்டையை எடுத்தது, மறு பாதி வெள்ளையை. பாட்டின் நடுவில் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும்போது மூன்று பேர் கீழே போட்டார்கள். பீப்பாய் என்று அழைக்கப்பட்ட அடிக்குரல்காரர் குனிந்து எடுக்கப் போய், பின்னால் நின்ற அம்மாளை இடித்தார்.

"இது பாட்டுக் குழுவா, பஸ்ஸ்டாண்டா?" என்றாள் அந்த அம்மாள். வாரியத்தின் புகார்ப் பிரிவில் இருப்பவள். வேலையிலும் வெளியிலும் ஒரே பிரிவு.

"ரெண்டு கலர்ல அங்கி தைச்சிருந்தா இந்த வம்பே இல்ல" என்றார் பீப்பாய்.

"கடைசியில ஒண்ணாகணுமே" என்றார் வாத்தியார். "வெள்ளம் வந்த பிறகும் ரெண்டு கலர்ல நின்னா பாட்டுக்கு அர்த்தமே இல்ல. ஆரம்பத்துல ரெண்டா தெரியணும், நடுவுல மாறணும், முடிவுல ஒண்ணாகணும். மேடையில துணி மாத்த முடியாது. எனக்கு வழி தெரியல." கடைசி மூன்று சொற்களையும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குழு தலையைத் தொங்கப்போட்டது. அவரிடமிருந்து அதை அவர்கள் கேட்டதில்லை.

சின்னவள் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். ரேடியோ டீயோடு அறையைச் சுற்றி நடந்தது நினைவுக்கு வந்தது. நான் அசையவில்லை, அவள் நடந்தாள். அவள் நிற்க, நான் திரும்பியிருந்தால்?

இரண்டு நாளாகத் தன் தப்பையே பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் எதிராளிக்கு என்ன வேண்டும் என்று பார்த்தாள். எழுந்தாள். முன்னால் போனாள்.

"ஐயா, அங்கி தைக்கிற இடத்துலேர்ந்து வர்றேன். முதல்ல ஒண்ணு சொல்லிடணும். துணியைத் தப்பா வெட்டிட்டேன்."

புதிய மோஸ்தர் என்ற பேச்சு வாய்வரை வரவே இல்லை. எல்லாம் இடது என்பதைச் சொன்னாள். விரிப்பைச் சொன்னாள். அதே துணி இனிக் கிடைக்காது என்பதையும் சொன்னாள். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விழா அடுத்த வாரம். தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா."

"இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"இதைச் சொல்லத்தான் வந்தேன். இங்க உட்கார்ந்த பிறகு இன்னொண்ணு தோணுச்சு. ஒருத்தர் மட்டும் இதைப் போட்டுக்கணும். பேச்சைவிட அது சீக்கிரம் புரியும்."

புகார்ப் பிரிவு அம்மாள் முன்வந்தாள். குறை கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு என்று நினைத்திருக்கலாம். அங்கியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "என்னோட ஒரு பாதிக்கு மட்டும் கரண்ட் போயிடுச்சு."

"அம்மா, அப்படியே ஜன்னலைப் பார்த்து நில்லுங்க."

ஜன்னல் குழுவுக்கு வலப்புறம் இருந்தது. அவள் திரும்பினாள். குழு பார்த்தது மங்கலான கருநீலத்தை மட்டும்.

"இப்ப கதவைப் பார்த்து."

திரும்பினாள். அங்கி முழுவதும் மின்னியது. ஒரு மங்கல் நூல்கூடத் தெரியவில்லை.

யாரோ மெல்ல, "அட" என்றார்கள்.

"இப்ப எங்களைப் பார்த்து."

பாதி மின்னல், பாதி மங்கல்.

சின்னவள் வாத்தியாரைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தப் பாதி ஆளுங்க ஜன்னலைப் பார்த்து நிக்கட்டும், அந்தப் பாதி கதவைப் பார்த்து. ரெண்டு கரையும் முகத்துக்கு முகமா. அப்ப ரெண்டு நிறம். நடுவுல எல்லாரும் அப்படியே திரும்பிட்டா நிறம் மாறிடும். கடைசியில எல்லாரும் சபையைப் பார்த்தா ஒரே மாதிரி. எதையும் கையில பிடிக்க வேண்டாம். கீழ விழாது."

வாத்தியார் அந்த அம்மாளை இன்னொருமுறை திரும்பச் சொன்னார். இன்னொருமுறை. ஏழெட்டுத் தடவை ஆனதும் அவள், "எனக்குத் தலை சுத்துது வாத்தியாரே, இதுக்குப் புகார் எங்க குடுக்கணும்?" என்றாள்.

"ஒரு அங்கியை வச்சு முடிவு பண்ண முடியாது" என்றார் அவர் கடைசியில். சின்னவள் அங்கியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். "நாளைக்கு ரெண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொண்டு வாங்க. நின்னு பார்க்கணும். தூரத்துலேர்ந்து பார்க்கணும். சரியா வரலன்னா போன வருஷத்துச் சட்டையோட பாடிக்கறோம். உங்களுக்கும் எங்களுக்கும் அதோட முடிஞ்சது."

*

பெரியவள் எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தப்புன்னு சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"முதல்லயேவா?"

"முதல்லயே."

பெரியவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு மெஷினில் நூல் கோர்த்தாள். "ரேடியோ, வாயை ஓரமா வச்சுட்டுக் கையை இங்க கொண்டா. இடது கட்டுல பாதியைப் பிரிச்சுக் கவிழ்த்து வை."

"எல்லாமே இடது கட்டுதானே."

"அதான் சொன்னேன், பாதியை."

அன்று எல்லா மெஷினும் ஓடின. சின்னவள் துண்டுகளை ஜோடி சேர்த்துக் கொடுத்தாள். இஸ்திரிக்காரர் மங்கல் பாதிக்கு ஒரு சூடும் மின்னும் பாதிக்கு ஒரு சூடும் வைத்தார். "ஒரு அங்கிக்கு ரெண்டு தடவை கூலி கேட்கணும்" என்று ரேடியோவிடம் சொன்னார். அப்படியாக அவர்கள் பேச்சுவார்த்தையும் தொடங்கியது.

மறுநாள் பயிற்சிக்குப் பெரியவளும் வந்தாள். சின்னவளைப் பாதுகாக்க வந்தாளா, வேடிக்கை பார்க்க வந்தாளா என்று முகத்தில் தெரியவில்லை. கரைக்குச் சிலர் என்று அங்கி மாட்டி நிறுத்தினார்கள். வாத்தியார் நாற்காலிகளைத் தாண்டி வராந்தா கடைசிவரை போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே கையசைத்தார்.

முதல் தடவை சரியாக வரவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் பாதிப் பேர் இடமாகவும் பாதிப் பேர் வலமாகவும் சுற்றினார்கள். பீப்பாய் முழு வட்டம் போட்டுத் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றார். கரைகள் புள்ளி புள்ளியாகக் கலங்கின. வராந்தாவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பெரியவள் கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள், சுருட்டினாள்.

சின்னவள் எழுந்து போய் பீப்பாயின் அங்கியில் இடது தோளைத் தொட்டாள். "ஐயா, வலது இடதுன்னு நினைக்காதீங்க. திரும்பி முடிச்சதும் உங்க மின்னுற தோள் சபைப் பக்கம் இருக்கணும். அவ்வளவுதான்." எதிர்க்கரையைப் பார்த்து, "உங்களுக்கு மங்கல் தோள்" என்றாள்.

இரண்டாம் தடவை நடுவரி வந்தது. திரும்பினார்கள். மங்கிக் கிடந்த கரை மின்னியது. மின்னிய கரை அணைந்தது. ஆட்கள் இடம் மாறவில்லை. நிறம் மட்டும் ஆற்றைத் தாண்டிப் போனது. கடைசி வரியில் எல்லோரும் முன்னால் திரும்ப, இரண்டு கரையும் காணாமல் போய் ஒரே குழு நின்றது.

வாத்தியார் வராந்தாவிலிருந்து நடந்து வர நேரமானது. வந்ததும் கைக்குட்டைகள் இருந்த கூடையை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்தார்.

"மீதியை எப்ப தருவீங்க?" என்று பெரியவளைக் கேட்டார்.

*

திறப்பு விழாவில் பெரியவளுக்கும் சின்னவளுக்கும் பின்வரிசையில் இடம் கிடைத்தது. இடம் கொடுத்தது புகார்ப் பிரிவு அம்மாள். விளக்கு வெளிச்சத்தில் அங்கிகள் பயிற்சி அறையில் தெரிந்ததைவிட அழகாக இருந்தன. நடுவரியில் கரைகள் நிறம் மாறியபோது அரங்கத்தில் ஒரு மூச்சு எழுந்து அடங்கியது. முன்வரிசையில் ஒரு முதியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

பெரியவள் சின்னவள் பக்கம் சாய்ந்தாள்.

"மூணாவது ஆளோட கீழ்மடிப்பு கோணல்."

"பார்த்தேன்க்கா. ரேடியோ தைச்சது."

"நான் தைச்சது" என்றாள் பெரியவள். பிறகு கையைத் தட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் புதுத்துணி வந்தது. மருத்துவமனைப் பணியாளர் சட்டைகளுக்கு, வெளிர்பச்சை. சின்னவள் பட்டன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். போய் உரிமையோடு மேஜைக்குப் பின்னால் நிற்க அவளுக்குத் தயக்கம். யாரும் கூப்பிடவில்லை. கத்தரி இன்னும் இழுப்பறையில்தான் இருந்தது. மேஜைமேல் துணி உருளை மட்டும் கிடந்தது.

பெரியவள் இழுப்பறையைத் திறந்தாள். கத்தரியை எடுத்து, மேஜை மூலைக்குப் போய் ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

"தப்பு தப்புதான்" என்றாள். "பாட்டு நல்லா வந்ததால அது சரியாயிடாது. அடுத்த தடவை நமக்குப் பாட்டு வாத்தியார் கிடைக்க மாட்டார். ஆஸ்பத்திரிக்காரன் பாதிச் சட்டையை வாங்க மாட்டான்."

"தெரியும்க்கா."

"முதல் ரெண்டு அடுக்கை விரிச்சதும் என்னைக் கூப்பிடணும். நான் பார்த்த பிறகுதான் மூணாவது. நான் விரிச்சா நீ பார்க்கணும். யாரா இருந்தாலும் சரி, ஒருத்தி கண்ணு போதாது."

"சரிக்கா."

சின்னவள் டப்பாவை மூடினாள். மேஜைக்குப் பின்னால் போய் நின்றாள். உருளையை அவிழ்த்து முதல் அடுக்கை விரித்தாள். ஓரத்தை வெட்டினாள். உருளையைத் திருப்பி வைத்து, இரண்டாம் அடுக்கைக் கவிழ்த்துப் போட்டாள். உள்ளங்கையால் நீவினாள்.

"அக்கா."

பெரியவள் வந்தாள். ஒரு மூலையைத் தூக்கிக் கீழ்அடுக்கைப் பார்த்தாள், மேல்அடுக்கைப் பார்த்தாள்.

"எப்படிப் போட்டிருக்கடி?"

"முகத்துக்கு முகம்."

பெரியவள் மூலையை விட்டாள். துணி சத்தமில்லாமல் இறங்கிப் படிந்தது. அவள் தன் மெஷினுக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவள் மூன்றாவது அடுக்கை இழுத்தாள்.